கேபிள் போன பிறகு சமூகத் தொலைக்காட்சிக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

மூன்றாம் கேமரா எழுதியது:

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களில் எத்தனை பேர் உங்கள் ஊரின் பொது அணுகல் சேனலைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. கேபிளில் ஒவ்வொரு எண்ணாகத் தாவும்போது நகர மன்றக் கூட்டம், பள்ளிக் கூடைப்பந்து, யாரோ ஒரு பாட்டி செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசுவது என்று ஏதோ ஓடிக்கொண்டிருக்குமே, ஊர்க்காரர்களே நிகழ்ச்சி செய்து போட ஒதுக்கிய சேனல், அதுதான். அப்படி ஒரு நிலையத்தில் ஒன்பது வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன்.

போன வாரம் நிர்வாகக் குழுவில் அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட்டை வைத்தார்கள். கேபிள் வழியாக வரும் தொகை மறுபடியும் குறைந்திருக்கிறது. சம்பளத்துக்கு இருக்கும் மூன்று பேரில் ஒருவரை அனுப்ப வேண்டிவரும் போலிருக்கிறது. அப்போது ஒருவர் எழுந்து, “எல்லோரும் யூடியூபில்தானே பார்க்கிறார்கள்? ஒரு ஃபோனும் ஒரு ட்ரைபாடும் போதாதா? ஸ்டுடியோ எதற்கு?” என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். எனக்கு உடனே பதில் வரவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நகர மன்றக் கூட்டத்துக்கு எங்களிடம் மூன்று கேமரா. ஒன்று மேயர் பக்கம், ஒன்று உறுப்பினர்கள் பக்கம். மூன்றாவது, பொதுமக்கள் வந்து பேசும் மைக்கைப் பார்த்து நிற்கும். பெரும்பாலும் அது என் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் இரவு, பத்தரை மணி தாண்டியிருந்தது. பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வயதானவர் ஒருவர் மடித்த தாளோடு மைக்குக்கு வந்தார். முதல் வரி வாசிக்கும்போதே தாள் நடுங்கியது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். தன் தெருவில் மழைநீர் வடிகால் மேடாக இருக்கிறது, தண்ணீர் வீடுகளின் நிலவறைக்குள் இறங்குகிறது, மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று என்றார். அவருக்கு மூன்று நிமிடம்தான். மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் ஐந்து பேர் பார்த்திருந்தால் அதிகம்.

அடுத்த வருடம் பெருமழை. அந்தத் தெரு முழுக்க வெள்ளம். இப்படி ஒரு பிரச்சினை இருப்பதாக யாருமே சொன்னதில்லை என்று பதில் வந்தது. தெருக்காரர்கள் நேராக எங்கள் நிலையத்துக்கு வந்து பழைய பதிவைக் கேட்டார்கள். அந்த மூன்று நிமிடத்தை வெட்டி பென்டிரைவில் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் வடிகால் வேலை ஆரம்பித்தது.

அந்தப் பதிவு எங்கே ஏறியது, கேபிளிலா இணையத்திலா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. பத்தரை மணிக்கு அந்தக் கேமராவுக்குப் பின்னால் ஒருவர் நின்றாரே, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் என் கவலை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

நிரலாளர் எழுதியது:

உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன்.

பொது அணுகல் சேனல் பிறந்தபோது ஒளிபரப்பு அரிதான பொருள். ஒரு ஊரில் ஏழெட்டு சேனல் இருந்தால் பெரிது. சாதாரண ஆள் ஒருவர் திரையில் வர வழியே கிடையாது. அதனால் ஒரு சேனலைப் பொதுமக்களுக்கு ஒதுக்கச் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்று பதினாறு வயதுப் பையன் தன் அறையில் இருந்து நேரலை போகிறான். எந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க இந்த ஏற்பாடு வந்ததோ, அது போய்விட்டது. கேபிளில் ஒரு எண்ணைப் பிடித்து வைத்திருப்பதற்கும் அதற்கான கருவிகளைப் பராமரிப்பதற்கும் போகிற பணத்தை முழுக்க இணையத்துக்குத் திருப்பினால் என்ன? கேபிள் சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாட்டின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முடிவில் அதற்கு சுமார் 2 கோடியே 25 லட்சம் தொலைக்காட்சி வாடிக்கையாளர்கள். 2024 முடிவில் 1 கோடியே 25 லட்சம்தான். கரையும் கட்டியை நம்பி வீடு கட்ட முடியாது.

---

பழைய டேப் எழுதியது:

நிரலாளர், பற்றாக்குறை என்று நீங்கள் சொல்வது பாதிதான் சரி. ஆரம்பத்திலிருந்தே இதில் இருந்தவர்களுக்குச் சேனல் இரண்டாம் பட்சம்.

1967இல் சோனி போர்ட்டபாக் வந்தது. தோளில் மாட்டிக்கொண்டு தனியாளாக வீடியோ எடுக்க முடிந்தது அப்போதுதான். அதே காலத்தில் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ‘மாற்றத்துக்கான சவால்’ என்ற திட்டத்தின் கீழ் ஃபோகோ தீவு மீனவர்களைப் படம் பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டியது. தீவின் வெவ்வேறு கிராமத்துக்காரர்கள் திரையில் ஒருவரையொருவர் கேட்டார்கள். பிறகு அரசு அதிகாரிகளும் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தில் வேலை செய்துவிட்டு அமெரிக்கா திரும்பியவர் ஜார்ஜ் ஸ்டோனி. அவரும் ரெட் பர்ன்ஸும் சேர்ந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராக ஆட்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அந்த மையம். மன்ஹாட்டனில் பொது அணுகல் சேனல்கள் 1971 ஜூலையில் தொடங்கின. அடுத்த ஆண்டே கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பெரிய நகரச் சந்தைகளில் கேபிள் நிறுவனங்கள் இதற்குச் சேனல் ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டது. 1979இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று விதியை அடித்துவிட்டது. இவ்வளவு சொல்வது எதற்கென்றால், இந்த ஏற்பாடு ஒரு முறை சட்டப்படி செத்துப் பிழைத்தது. விதி போன பிறகும் ஊர்கள் கேபிள் நிறுவனங்களோடு போடும் ஒப்பந்தத்தில் பேரம் பேசி இதை வாங்கிக்கொண்டன. 1984இல் நாடாளுமன்றம் அந்தப் பேரத்தைச் சட்டமாக்கியது.

நான் இதில் நுழைந்தது பழைய டேப்புகள் வழியாக. எங்கள் நிலையத்தின் பின்னறையில் 1980களின் யூமேட்டிக் என்ற வகை வீடியோ டேப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. பழைய டேப்பில் காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து, டேப்பைப் படிக்கும் கருவியின் தலையில் ஒட்டிக்கொள்ளும், பதிவும் போய்விடும். அதனால் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுக்க வேண்டும். அதன் பிறகு கொஞ்ச நாள்தான் அவகாசம், அதற்குள் ஓட்டி டிஜிட்டலாக்கிவிட வேண்டும். ஒரு டேப்பில், மூடப்போகும் ஒரு தொழிற்சாலையின் வாசலில் வேலை முடிந்து வருபவர்களை ஒரு பெண் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்த கை மட்டும் தெரிகிறது. கேமரா ஆடுகிறது. அந்தத் தொழிற்சாலை இருந்ததற்கே இன்று ஊரில் வேறு தடயம் கிடையாது. அந்த முகங்களை அவர்கள் பேரப்பிள்ளைகள் வந்து பார்த்தார்கள்.

இன்னொன்று, ஊரறிந்த உதாரணம். வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்தபோது, 1980களின் பிற்பாதியில், உள்ளூர் பொது அணுகல் சேனலுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கடைத்தெருவில் போகிறவர் வருகிறவரை நிறுத்திப் பேசுவார். முப்பது வருடம் கழித்து அவர் அதிபர் தேர்தலுக்கு நின்றபோது நாடே அந்த டேப்புகளைத் தேடியது. அவற்றை டிஜிட்டலாக்கி வைத்திருந்தது அதே ஊர் நிலையம்தான். யூடியூபில் போட்டது முப்பது வருடம் இருக்கும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா?

---

நிரலாளர் எழுதியது:

அந்தத் தொழிற்சாலை டேப் விஷயம் மனசில் நிற்கிறது. சரி, பாதுகாப்பகம் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இண்டர்நெட் ஆர்க்கைவ் சமூக ஊடக நிலையங்களின் பதிவுகளுக்கென்றே ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது, இரண்டாவது பிரதியாக அங்கேயும் போட்டு வையுங்கள்.

ஆனால் பணத்துக்குப் பதில் இன்னும் வரவில்லையே.

---

கூட்டக் குறிப்பு எழுதியது:

பணத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். ஒரு சிறிய நகரத்தின் அலுவலகத்தில் ஒப்பந்தக் கோப்புகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

கேபிள் நிறுவனம் ஊரின் தெருவைத் தோண்டியும் தெருவோரக் கம்பங்களில் கட்டியும் கம்பி இழுக்கிறது. தெரு ஊருக்குச் சொந்தம். அந்தத் தெருவை வைத்து வியாபாரம் செய்வதற்கு ஊர் ஒரு கட்டணம் கேட்கலாம். 1984 சட்டம் அதற்குப் போட்ட உச்சவரம்பு, கேபிள் சேவையில் வரும் மொத்த வருவாயில் 5 சதவீதம். கூடவே பொதுமக்களுக்கும் கல்விக்கும் நகர நிர்வாகத்துக்கும் சேனல் ஒதுக்கச் சொல்லலாம். அந்தச் சேனல்களில் என்ன ஓட வேண்டும் என்பதில், ஆபாசம் போன்ற விதிவிலக்கு தவிர, நிறுவனம் தலையிடக் கூடாது. கவனியுங்கள், அந்த 5 சதவீதம் நேராக நிலையத்துக்கு வருவதில்லை. ஊர் கஜானாவுக்கு வருகிறது, ஊர் மனசு வைத்தால்தான் ஒரு பங்கு நிலையத்துக்குப் போகும். பல ஊர்கள் அதைச் சாலைக்கும் போலீஸுக்கும் செலவழிக்கின்றன.

இப்போது பிரச்சினை எங்கே என்று பாருங்கள். ‘கேபிள் சேவை’ என்றால் தொலைக்காட்சிச் சேவை மட்டும். அதே கம்பியில், அதே நிறுவனம், அதே வீட்டுக்குக் கொடுக்கும் இணைய வருவாய் இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் கேபிள் டிவியை வெட்டிவிட்டு இணையத்தை மட்டும் வைத்துக்கொண்டால், தெருவில் கம்பி அப்படியே இருக்கிறது, கம்பம் அப்படியே இருக்கிறது, நீங்கள் அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் பணமும் கட்டுகிறீர்கள். ஊருக்கு வந்த கட்டணம் மட்டும் நின்றுபோகிறது. நிரலாளர் சொன்ன கரையும் கட்டி இதுதான். அது தானாகக் கரையவில்லை, கணக்கில் எதைச் சேர்ப்பது என்ற தீர்மானத்தால் கரைகிறது.

இதற்கு மேல் மூன்று அடி விழுந்தது. முதலாவது, 2005இல் டெக்சாஸ், 2006இல் கலிபோர்னியா என்று பல மாநிலங்கள் ஊர் ஊராகப் பேசும் உரிமையை எடுத்து மாநில அளவில் ஒரே உரிமம் என்று ஆக்கின. நிலையம் நடத்தும் கடமை பல இடங்களில் நிறுவனங்களின் தலையிலிருந்து இறங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் பொது அணுகல் ஸ்டுடியோக்கள் 2009 தொடக்கத்தோடு மூடப்பட்டன. இரண்டாவது, 2019 ஆகஸ்டில் கூட்டாட்சி ஆணையம், நிறுவனம் பணமாக அல்லாமல் வேறு வடிவில் செய்யும் உதவிகளில் பெரும்பாலானவற்றையும் அந்த 5 சதவீதத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்றது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டாலும், கழிக்கும் தொகையைச் சந்தை விலைக்குப் போடக் கூடாது, நிறுவனத்துக்கு ஆன செலவுக்குத்தான் போட வேண்டும் என்று ஒரு கடிவாளம் போட்டது. ஊர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல். மூன்றாவது, ஓடிடி நிறுவனங்களும் கட்டணம் கட்ட வேண்டும் என்று பல நகரங்கள் வழக்குப் போட்டன. ஒஹையோவின் மேப்பிள் ஹைட்ஸ் நகரம் நெட்ஃப்ளிக்ஸ், ஹுலு மீது போட்ட வழக்கில் 2022இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. தெருவில் கம்பி அவர்களுடையது இல்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். வாதமாகப் பார்த்தால் அதில் பிழை சொல்ல முடியவில்லை. அப்படியானால் கம்பிக்குச் சொந்தக்காரர் அதில் ஓடும் எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குச் சட்டம் மாற வேண்டும், நீதிமன்றத்தில் கிடைக்காது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. மெய்ன் மாநிலம் 2019இல், இந்தச் சேனல்களை மங்கலான தரத்தில் தள்ளிவிடக் கூடாது, நிகழ்ச்சி அட்டவணையில் மற்ற சேனல்களைப் போலவே பெயரோடு காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. கேபிள் துறை எதிர்த்து வழக்காடியது, 2021இல் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. உங்கள் சேனலுக்கு யாரும் வருவதில்லை என்று சொல்லும்போது, அட்டவணையில் அது என்ன பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். ‘உள்ளூர் நிகழ்ச்சி’ என்று நாள் முழுக்க ஒரே வரி இருந்தால் யார் வருவார்கள்?

---

மெல்போர்ன்வாசி எழுதியது:

இணையத்துக்கு முழுசாகப் போய்விடலாமே என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா நேரடி சோதனையே நடத்திப் பார்த்துவிட்டது. இங்கே சமூகத் தொலைக்காட்சி கேபிளில் இல்லை, வானலையில். 2014இல் அரசு, 2015 முடிவோடு அலைவரிசையைத் திருப்பிக் கொடுங்கள், எதிர்காலம் இணையம்தான், அங்கே போங்கள் என்றது. சிட்னி நிலையம் 2015 டிசம்பரில் ஒளிபரப்பை நிறுத்தியது. பிரிஸ்பேன் 2017இல் வானலையை விட்டது. பெர்த் 2020இல் மூடியது. மிஞ்சியது மெல்போர்னும் அடிலெய்டும். கடைசித் தேதியைத் தள்ளிவைப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் கடைசி வாரம் வரை காத்திருந்தோம். இந்த இரண்டும் வானலையிலும் இருந்தன, இணையத்திலும் இருந்தன. வானலை இருந்ததால்தான் உள்ளூர் விளம்பர ஆதரவு வந்தது, அந்தப் பணத்தில்தான் இணையப் பக்கத்தை வளர்த்தார்கள். ஒன்றை வெட்டினால் மற்றது செழிக்கும் என்ற கணக்கு இங்கே தப்பாகிவிட்டது.

நான் இருந்த குழு ஒரு புலம்பெயர்ந்தோர் நிகழ்ச்சி செய்தது. வாரம் ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கு டிவியைப் போடுவது சில முதியவர்களுக்குப் பழக்கம். இணையத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியாது, தேடாதவர்களுக்கு எங்களைக் காட்ட வேண்டும் என்று எந்தத் தளத்துக்கும் கடமையும் இல்லை.

---

மூன்றாம் கேமரா எழுதியது:

கடமை என்று சொன்னீர்களே, அதைத்தான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு நடந்தது ஒன்று. பள்ளி வாரியக் கூட்டம், தொடக்கத்தில் மாணவர்களின் இசைக்குழு இரண்டு பாட்டு வாசித்தது. கூட்டத்தை ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினோம். பாட்டின் உரிமைக்காக எந்திரம் தானாகவே ஒலியை அடைத்துவிட்டது. அந்த இரண்டு பாட்டு மட்டுமென்றால் பரவாயில்லை, முதல் நாற்பது நிமிடமும் ஒலி இல்லை. ஒரு பள்ளியை மூடுவது பற்றிய விவாதம் அதற்குள்தான் இருந்தது. முறையீடு எழுதினோம். பதில் வர பதினோரு நாள், அதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிட்டது. நல்லவேளையாகக் கேபிளில் மறுஒளிபரப்பு முழு ஒலியோடு நான்கு முறை போனது. பெற்றோர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாக்கெடுப்பு நாளில் வந்து பேசினார்கள்.

ஃபோனும் ட்ரைபாடும் போதாதா என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். போதும், ஒரு நாளைக்கு. வருடத்துக்கு நூறு கூட்டம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று வரும்போது போதாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஃபோனில் எடுத்த கூட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், இருமலும் நாற்காலி இழுக்கும் சத்தமும்தான் தெளிவாகக் கேட்கும். மேஜைக்கு மேஜை மைக், ஒலிக் கலவைப் பலகை, திரையில் பெயர் போடுவது, காது கேளாதவர்களுக்கு வசன வரிகள், இதற்கெல்லாம் பழகிய கை வேண்டும். 2020இல் கூட்டங்கள் ஒரே வாரத்தில் ஜூமுக்கு மாறியபோது எங்கள் நகரத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நிலையத்தில் இருந்த மூன்று பேர்தான். அந்த மூவரில் ஒருவரைத்தான் இப்போது அனுப்பப் போகிறார்கள்.

---

நிரலாளர் எழுதியது:

சரி, என் முதல் பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். ஒளிபரப்புக்கான இடம்தான் அரிது என்று நினைத்தேன். அங்கே போய் உட்கார ஆள் அரிது. 2005க்குப் பிறகு இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மூடிவிட்டன. பல ஊர்களில் நகர மன்றத்துக்குப் போகும் நிருபர் யாருமில்லை, நிலையத்தின் கேமரா ஒன்றுதான் போகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. நிலையமே ஒருவரை வேண்டாம் என்று ஒதுக்கினால்? அங்கேயும் ஒரு வாயிற்காவலன் உட்கார்ந்துவிட்டால்?

---

கூட்டக் குறிப்பு எழுதியது:

நடந்திருக்கிறது. மன்ஹாட்டன் நிலையத்தை விமர்சித்து எடுத்த படத்தால் தயாரிப்பாளர்கள் இருவருக்கு நிலையம் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜூனில் 5க்கு 4 என்ற கணக்கில், நிலையத்தை நடத்துவது தனியார் அமைப்பு, அரசைக் கட்டுப்படுத்தும் பேச்சுரிமைச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர் தன் அதிகாரத்தால் பெற்ற சேனல் அது, நடத்தும் வேலையை வேறு கைக்குக் கொடுத்ததும் உரிமை மாயமாவது சரியில்லை. ஆனால் ஒப்பந்தத்திலும் மாநில விதியிலும் ‘முதலில் வருபவருக்கு முதல் இடம், பாகுபாடு கூடாது’ என்று எழுதியிருந்தால் அது இன்னும் செல்லும். நியூயார்க் மாநில விதியில் அது இருக்கிறது. உங்கள் ஊர் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

புதிதாக வந்தவர் எழுதியது:

இவ்வளவு நாள் இந்தச் சேனலைத் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கள் ஊரில் என்ன நிலைமை என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

கூட்டக் குறிப்பு எழுதியது:

நகர எழுத்தர் அலுவலகத்தில் கேபிள் உரிம ஒப்பந்தத்தின் நகல் கேளுங்கள், அது பொது ஆவணம். மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, முடியும் தேதி. புதுப்பிக்கும் முறையான பேச்சு, ஒப்பந்தம் முடிவதற்கு 36 மாதம் முன்பிருந்தே தொடங்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. அந்த நேரத்தில்தான் ஊர்க்காரர்களின் தேவை என்ன என்று கேட்பார்கள். பெரும்பாலும் கேட்கும் கூட்டத்துக்கு நாலு பேர்கூட வருவதில்லை. இரண்டு, எத்தனை சேனல், என்ன தரம் என்ற பகுதி. மூன்று, 5 சதவீதத்துக்கு வெளியே கருவி வாங்க ஏதாவது தொகை எழுதியிருக்கிறதா என்பது. அதன் பிறகு நகர பட்ஜெட்டில், வந்த கட்டணம் எங்கே போகிறது என்று ஒரு வரி தேடுங்கள். உங்கள் மாநிலம் ஒரே உரிமம் என்ற முறைக்குப் போயிருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், பார்க்க வேண்டிய இடம் வேறு.

---

மூன்றாம் கேமரா எழுதியது:

எங்கள் ஒப்பந்தத்தை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். முடிய இரண்டு வருடம் எட்டு மாதம் இருக்கிறது, அதாவது 32 மாதம். பேச்சு தொடங்க வேண்டிய காலம் வந்து நான்கு மாதமாகிவிட்டது, எங்கள் நிர்வாகக் குழுவில் யாரும் அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை நகர மன்றக் கூட்டம். பொதுமக்கள் பேசும் நேரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்று மூன்றாவது கேமராவை வேறொருவர் பிடிக்க வேண்டும். போன கோடையில் எங்களிடம் பயிற்சிக்கு வந்த பள்ளி மாணவியிடம் கேட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.